பக்கத்து வளவுக்காரரை நேசிப்பது எப்படி?

பிள்ளை, நீர் கேட்டது இதுதான். "ஞாயிறு ஞாயிறாகக் கோயிலில் அன்பு, அன்பு என்று கேட்கிறோம். அம்மாவும் பக்கத்து வளவுக்காரரும் வேலிப் பிரச்சினையில் ஆறு வருசமாகக் கதைப்பதில்லை. அம்மா செபமாலை சொல்லாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. அப்படியென்றால் வேதாகமம் சொல்லும் அன்பு என்ன? மனதில் வராத அன்பை எப்படி வரவழைப்பது?"

நான் குருவானவரும் இல்லை, போதகரும் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருசத்துக்குக் கிட்டக் கிறிஸ்தவ பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது இரண்டு ஏக்கர் வயலும் நாலைந்து கோழியும்தான். நான் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம், மனுசி கத்தோலிக்கம். அதனால் எங்கள் வீட்டு மேசையில் பழைய மொழிபெயர்ப்பும் கிடக்கும், 1995இல் வந்த திருவிவிலியமும் கிடக்கும். ஒன்று "சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்னும், மற்றது "பகைவரிடமும் அன்பு கூருங்கள்" என்னும். எந்தத் தமிழில் வாசித்தாலும் செய்யக் கஷ்டம் ஒன்றுதான்.

உம்முடைய கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனதில் வராத அன்பை வரவழைக்கச் சொல்லி வேதாகமம் கேட்கவில்லை. அது முதலில் கேட்பது கையையும் காலையும். மனம் பின்னால் வந்தால் வரும், வராமலும் போகும்.

பிரசங்கங்களில் ஒரு விளக்கம் கேட்டிருப்பீர். கிரேக்கத்தில் அன்புக்குப் பல சொல் உண்டு. ஏரோஸ் என்றால் காதல், பிலியா என்றால் நட்பு, அகாப்பே என்றால் கடவுளுடைய அன்பு. ஆகவே அகாப்பேதான் உயர்ந்தது, மற்றதெல்லாம் கீழே. கேட்க அழகாக இருக்கும். நானும் வருசக்கணக்காக இதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஏரோஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை என்பது உண்மை. ஆனால் மிச்சம் அவ்வளவு சுத்தமாக நிற்காது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்துக்கு மாற்றியவர்கள், 2 சாமுவேல் 13இல் அம்னோன் தாமார்மேல் கொண்ட கெட்ட மோகத்துக்கும் அகாப்பேயின் வினைச்சொல்லைத்தான் போட்டார்கள். யோவான் எழுதிய நற்செய்தியில் பிதா குமாரனை நேசிக்கிறார் என்பது 3:35இல் அகாப்பேயாக வருகிறது, 5:20இல் பிலியாவாக வருகிறது. பொருளில் வித்தியாசம் இல்லை. உன்னதப்பாட்டு 8இல் "நேசம் மரணத்தைப்போல் வலிது" என்ற இடத்திலும் அகாப்பேதான். அது முழுக்க முழுக்க ஓர் ஆணும் பெண்ணும் ஆசைப்படுவதைப் பாடுகிற பாட்டு. ராகேலுக்காக யாக்கோபு ஏழு வருசம் மாடாய் உழைத்தது அவனுக்குக் கொஞ்ச நாளாகத்தான் தெரிந்தது என்று ஆதியாகமம் 29 சொல்லும். கட்டாருக்குப் போனவரை நினைத்து நாள்காட்டி கிழிக்கிற பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். ஆக, காதலையும் பாசத்தையும் வேதாகமம் படலைக்கு வெளியே நிறுத்தவில்லை.

சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று. இந்த அகாப்பேயை லத்தீனில் பெயர்க்கும்போது போட்ட முக்கியமான சொல் "கரித்தாஸ்". வன்னியில் அந்தச் சொல்லைத் தெரியாத வீடு உண்டா? அது கத்தோலிக்கத் திருச்சபையின் உதவி அமைப்பின் பெயர். எங்கள் சனத்துக்குக் கரித்தாஸ் என்றால் நிவாரணம், கிணறு கட்டித் தந்தவர்கள், கூரைத் தகரம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அன்பு என்று வகுப்பில் சொன்னபோது ஒரு பெடியன் கேட்டான்: "அப்ப சேர், தகரம்தான் அன்போ?" வகுப்பே சிரித்தது. அவன் பகிடிக்குத்தான் கேட்டான். எனக்கு இன்றுவரை அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளையை இயேசு புதிதாகச் சொல்லவில்லை. அது லேவியராகமம் 19:18. அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பாரும். வயல் வெட்டும்போது ஓரத்தை ஒட்ட வெட்டாதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் பரதேசிக்கும் விடு. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. செவிடனைத் திட்டாதே, குருடனுக்கு முன் தடுக்கல் போடாதே. நியாயம் தீர்க்கும்போது பெரிய மனுசனுக்குச் சாயாதே. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் அன்பு என்ற சொல்லே வருகிறது. எங்கள் பாசையில் சொன்னால், வரம்போரத்துக் கதிரும் நாள்கூலியும்தான் அந்த அன்பின் பொருள்.

இதை எங்கள் வயல்களில் வைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். முன்பு கையால் அரிவு வெட்டிச் சூடடித்த காலத்தில் வயலில் மிஞ்சும் கதிரைப் பொறுக்க வருகிற கிழவிகள் இருந்தார்கள். ஒருவரும் துரத்தமாட்டார்கள். இப்போது வெட்டு மிசின் காலையில் இறங்கினால் மத்தியானம் மூட்டை கட்டி ஏற்றியாகிவிடும். பொறுக்குகிறவர்களும் இல்லை. ஆனால் வெட்டுக்கு வந்த ஆளுக்குக் காசு கொடுக்க "நெல் வித்த பிறகு வா" என்று சொல்வது மட்டும் மாறவில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். விடியும்வரை என்ன, இரண்டு கிழமை வைத்திருந்திருக்கிறேன்.

ரூத்தின் கதை இதே சட்டத்தின்மேல்தான் நடக்கிறது. இரண்டு பெண்கள், மாமியும் மருமகளும், இருவருமே கணவனை இழந்தவர்கள். மருமகள் வேற்று நாட்டுக்காரி. அறுவடை வயலில் கதிர் பொறுக்கி மாமிக்குச் சோறு போடுகிறாள். யுத்தம் முடிந்த கையோடு எங்கள் கிராமங்களில் இப்படி எத்தனை வீடு இருந்தது என்று உமக்குத் தெரியும். போவாஸ் என்ற அந்த வயல்காரர் செய்ததைக் கவனியும். வேலைக்காரரைக் கூப்பிட்டு, கட்டிய கட்டிலிருந்து கொஞ்சக் கதிரை வேண்டுமென்றே உருவி விடுங்கள், அவள் பொறுக்கட்டும், அவளை வெட்கப்படுத்தவேண்டாம் என்கிறார். மூட்டையாகத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, அவள் தன் கையால் பொறுக்கியதாக இருக்கட்டும் என்று விட்டார். எபிரேயத்தில் இப்படியான அன்புக்கு "ஹெசெத்" என்று ஒரு சொல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதம் 136இல் 26 தரம் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறதே, அந்தக் கிருபை. திருவிவிலியத்தில் "பேரன்பு".

இப்போது ஒரு குடும்பத்துக்கு அஞ்சு கிலோ அரிசியும் ஒரு சீனிப் பையும் கொடுக்கும்போது எத்தனை போன் படம் எடுக்கிறது, பதாகை எவ்வளவு நீளம் என்று பார்த்திருப்பீர். அரிசிக்கு வரிசையில் நின்ற பிள்ளையின் படத்தை அதன் வகுப்புப் பிள்ளைகள் போனில் பார்த்துக் கதைத்த நாளில் நான் அந்த வகுப்பில் இருந்தேன். அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. கொடுத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான், எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். சகலத்தையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று பவுல் எழுதினாரே, 1 கொரிந்தியர் 13:3, அது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கையும் காலும் போதும் என்று மேலே சொன்னேன் அல்லவா, இந்த வசனம் அதற்கு ஒரு கடிவாளம்.

சரி, பகைவர் விசயத்துக்கு வருவோம். உம்முடைய கேள்வியே அதுதான்.

என் வயலுக்கு அடுத்த வளவுக்காரருக்கு மாடுகள் உண்டு. கட்டமாட்டார். ஒரு பெரும்போகம், கதிர் பால் பிடிக்கிற நேரம், இரவோடிரவாக ஆறு மாடும் வேலியைப் பிரித்து உள்ளே இறங்கிவிட்டன. விடிய நான் போய்ப் பார்க்க, கால் ஏக்கருக்கு மேல் மிதிபட்டுக் கிடந்தது. கட்டாக்காலி மாடு என்றால் வன்னியில் வெட்டுக்குத்து வரைக்கும் போன கதைகள் உண்டு, உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேட்டால், "உன்ர வேலியைச் சரியாய் அடை" என்றார். முறைப்பாடு வைத்தேன். ஒரு சதம் வரவில்லை. ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுத ஆரம்பித்தேன்: இந்த நாள் இத்தனை மாடு, இவ்வளவு நட்டம். மூன்று வருசம் எழுதினேன்.

நாலாவது மாரியில் ஒரு விடியற்காலை. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரையால் வருகிறேன், சிவலைப் பசு ஒன்று சேற்றுக்குள் வயிறு வரை புதைந்து நிற்கிறது. கன்று போடுகிற நிலை. அவருடையதுதான், காதில் வெட்டிய அடையாளம் எனக்கு மனப்பாடம். கத்தி ஓய்ந்துபோய், மூச்சு மட்டும் புகையாக வருகிறது. உண்மையைச் சொன்னால், முதலில் வந்த நினைப்பு, "கிட."

யாத்திராகமம் 23:4,5ஐ அந்தத் தவணைதான் ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பித்திருந்தேன். உன் பகைவனுடைய மாடோ கழுதையோ வழிதப்பித் திரிவதைக் கண்டால் அவனிடம் கொண்டுபோய் விடு. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விட்டுவிட்டுப் போகாதே, உதவி செய். அதை எழுதினவனுக்கு மனுசரை நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவனைக் கட்டிப்பிடி என்று சொல்லவில்லை, மாட்டைக் கொண்டுபோய் விடு என்று மட்டும் சொல்கிறான். ஒரு பெடியனைக் கூப்பிட்டு, யூரியாச் சாக்கு இரண்டை முன்னங்காலுக்குக் கீழே திணித்து, கயிறு போட்டு இழுத்து அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. கொண்டுபோய் அவர் படலையில் நின்று கூப்பிட்டேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க கிடந்தது?"

"வாய்க்காலுக்குள்ள."

"ம்."

கயிற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்து சேறு கழுவும்போது எனக்குக் கொதி. ஒரு வாய்த் தேத்தண்ணி குடியுங்கோ என்றாவது சொல்லியிருக்கலாம்தானே? மனுசி சிரித்தாள். "நீங்கள் மாட்டுக்குத்தானே செய்தீங்கள், மாடு ஒண்டும் சொல்லேல்லையோ?"

அடுத்த போகம் மாடுகளைக் கட்டினாரா என்று கேட்பீர். பாதி நாள் கட்டினார். அவரை எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் கொப்பி எழுதுவது நின்றுபோனது. ஏன் நின்றது என்று யோசித்தால், அந்தப் பசுவின் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்த பிறகு, அதே மாட்டுக்குப் பெயர் போட்டு நட்டம் எழுதக் கை ஒருமாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

உன் பகைவன் பசித்தால் சாப்பாடு கொடு, அது அவன் தலையில் தணல் குவித்த மாதிரி என்று ரோமர் 12இல் பவுல் நீதிமொழிகளிலிருந்து எடுத்து எழுதுகிறார். "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்" என்று வள்ளுவர் சொன்னதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. என் அனுபவத்தில் தணல் அவர் தலையில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. என் தலையில் கொஞ்சம் விழுந்தது.

கொப்பி என்றதும் 1 கொரிந்தியர் 13 ஞாபகம் வருகிறது. கலியாணவீட்டில் வாசிக்கிற அதிகாரம் அது, மணவறைக்குப் பின்னால் தங்க எழுத்தில் ஒட்டுவார்கள். பவுல் எழுதும்போது கலியாணம் எதுவும் நடக்கவில்லை. கொரிந்துச் சபைக்குள்ளே கட்சிகட்டிச் சண்டை, சகோதரன்மேல் சகோதரன் வழக்கு. ஆண்டவருடைய பந்தியில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டு முடிக்க, ஏழைகள் பசியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சனத்துக்கு எழுதியது. அன்பு இப்படி இப்படியானது என்று தமிழில் குணம்போல வாசிக்கிறோம். கிரேக்கத்தில் 4ஆம் வசனம் தொடங்கி 7 வரை வருவது 15 வினைச்சொற்கள். எல்லாம் செய்கிறதும் செய்யாமல் விடுகிறதும்.

அதில் இரண்டு சொல்லை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். "தீங்கு நினையாது" என்று இரண்டு தமிழிலும் இருக்கிறது. மூலத்தில் உள்ள சொல் கணக்குப் புத்தகத்தில் பதிகிறதற்கும் வழங்கிய சொல். கடைக்காரர் கடன் கொப்பியில் பெயருக்கு நேரே எழுதிவைப்பாரே, அந்த வேலை. அன்பு தீமையைக் கொப்பியில் ஏற்றாது. என் கொப்பியின் கதை உமக்குத் தெரிந்துவிட்டது, அதற்குமேல் நான் என்ன சொல்ல.

மற்றது "சகலத்தையும் தாங்கும்". இதைப்பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லவேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருசனிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு ஓடிவந்த ஒரு பெண்ணிடம், "அன்பு சகலத்தையும் தாங்கும் பிள்ளை, போ" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை என் காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. வசனத்தைத்தான் பிழையாகப் பிடித்தார்கள். அங்கே உள்ள கிரேக்கச் சொல் கூரை என்ற சொல்லோடு பிறந்தது. மூடுதல், மழை ஒழுகாமல் காத்தல், தாங்குதல் என்று பொருள் விரியும். மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை இறக்க நாலு பேர் பிரித்தார்களே ஒரு கூரை, அந்தக் கூரை.

கூரை என்ன செய்யும் என்று வன்னிச் சனத்துக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 பங்குனியில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளன் பக்கத்து மணலில் நாங்கள் நாலு பேர் ஒன்றுமில்லாமல் நின்றோம். மழை. முன்பின் தெரியாத ஓர் அம்மா தறப்பாளின் ஓரத்தைத் தூக்கி, "உள்ளுக்கு வாங்கோ" என்றா. உள்ளே ஏற்கனவே இரண்டு குடும்பம். எங்களுக்கு இடம்விட அவவின் மகன் முதுகை வெளியே வைத்துக்கொண்டு இருந்தான், விடியும்வரை. அவவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அப்படியான நாள்களில் போய்த் தப்பியிருக்கக்கூடிய குருமார் சிலரும் சனத்தோடு நின்றார்கள். சரத்ஜீவன் அடிகளார் 2009 மே 18 அன்று சனத்தோடு வெளியேறுகிற நேரம் மாரடைப்பு வந்து இறந்தார். சகலத்தையும் தாங்கும் என்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தறப்பாள்தான் தெரியும். கூரை மழையைத் தாங்குவது கீழே இருக்கிறவர் நனையக்கூடாது என்றுதான். அடிவாங்கி ஓடிவந்த பிள்ளைக்கு அன்பு செய்யவேண்டிய வேலை, அவளை உள்ளே எடுத்துக் கதவைப் பூட்டுவது.

அதே வசனத்தில் "சகலத்தையும் நம்பும்" என்றும் இருக்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படத்தோடு இருந்தார்கள். அதற்கு நான் விளக்கம் எழுதப்போவதில்லை.

நல்ல சமாரியன் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், அது எல்லாருக்கும் தெரியும். கள்ளரிடம் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிப் போகிறார்கள், யூதர் ஒதுக்கிவைத்த சமாரியன் ஒருவன்தான் நின்று காப்பாற்றுகிறான். "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்ட சட்ட அறிஞனிடம் கதை முடிவில் இயேசு, அந்த மூவரில் பிறனாயிருந்தவன் யார் என்று திருப்பிக் கேட்கிறார். அவன் "சமாரியன்" என்று சொல்லவில்லை. "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்கிறான். அந்தச் சாதிப்பெயர் வாயில் வரவில்லை. எங்களுக்கும் வாயில் வராத பெயர்கள் உண்டு. 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள் காடு வெட்டி, வயல் வேலை செய்து, எங்களோடே இடம்பெயர்ந்து, எங்களோடே செத்தும் போனார்கள். இன்றைக்கும் கலியாணப் பேச்சு வந்தால் "அவையள் ஆர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிற கிறிஸ்தவ வீடு எத்தனை? உம்மோடு வாழுகிற பரதேசியில் உன்னில் போலவே அன்புகூரு, நீங்களும் எகிப்தில் பரதேசிகளாயிருந்தீர்களே என்று அதே லேவியராகமம் 19, 34ஆம் வசனம் சொல்லும். யுத்தம் முடிந்து மெனிக் பாம் முகாமில் கிடந்த சனத்துக்கு எகிப்து மறக்கக்கூடாது.

இனி உம்முடைய அம்மா. அவவை முதலில் குற்றம் சொல்லாதையும். மீள்குடியேறி வந்தபோது வேலிக்கட்டை இருந்த இடமே தெரியாமல் பத்தை மூடிக்கிடந்தது, பலருடைய காணி உறுதியும் பெர்மிட்டும் இடப்பெயர்வில் தொலைந்தது. இரண்டு பக்கமும் தாங்கள் சொல்வதுதான் உண்மை என்று நம்பலாம். நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்து கல்லுப் போடுவது அன்புக்கு விரோதமில்லை. அன்பு "சத்தியத்தில் சந்தோஷப்படும்" என்பதும் அதே அதிகாரம்தான். அளந்து அவர்கள் பக்கம் இரண்டு முழம் போனால், போகட்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி நெருக்காதையும், கோயிலில் வைத்துக் கைகொடுக்கப் பண்ணுகிற நாடகமும் வேண்டாம். ஆறு வருசக் கதையை ஒரு பூசையில் முடிக்க ஏலாது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய தென்னை ஒன்று உங்கள் வளவுக்குள் சாய்ந்து நிற்கிறதாக எழுதியிருந்தீர். விழுகிற தேங்காய் என்னாகிறது என்று நீர் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். அடுத்தது விழுந்தால் எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் படலையடியில் வைக்கச் சொல்லும். அம்மாவுக்கு ஏலாவிட்டால் நீர் வையும். கூப்பிடத் தேவையில்லை, கதைக்கத் தேவையில்லை. "ம்" என்றுகூட ஒருவரும் சொல்லாமல் விடலாம், அதற்கும் ஆயத்தமாகப் போம்.